அடங்கல்: தக்கலைப் பக்கம் ஆறு நாள்

முதல் நாள், சனி

கோயம்புத்தூரில் ரயில் ஏறும்போது மழைக்கான அறிகுறியே இல்லை. விடிகாலையில் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். முப்பந்தல் காற்றாலைகள் சாரலுக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் சுற்றிக்கொண்டிருந்தன. ஆடி மாதத்தில் இந்த மாவட்டத்துக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அம்மா பிறந்த மண் என்றாலும் எனக்கு இது கோடை விடுமுறை ஊர்தான்.

இந்தத் தடவை விடுமுறைக்கு வரவில்லை. என் மகனுக்குப் பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. போன செவ்வாய்க்கிழமை கூடப் படிக்கும் பையனை வாயில் குத்திவிட்டான். அந்தப் பையனுக்கு உதட்டில் மூன்று தையல், முன்பல் ஒன்று ஆடுகிறது. ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். "அவன்தான் முதல்ல என்னைத் தள்ளினான்." நாலு நாளாக எங்கள் வீட்டில் இந்த ஒரே வாக்கியம்தான்.

என் மகன் நான்கு வருடமாகக் கராத்தே படிக்கிறான், ஷோட்டோகான் வகை. வகுப்பு முடிந்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து ஐந்து உறுதிமொழிகள் சொல்வார்கள். முரட்டு வேகத்தை அடக்கிக்கொள்வேன் என்பது அதில் கடைசி. அந்த வகையை நிறுவிய கிச்சின் புனாகோஷி (1868–1957) ஒகினாவாக்காரர். கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது அவர் விட்டுப்போன விதி. கட்டா என்கிற பயிற்சி வரிசைகள் தடுப்பில் தொடங்குவது அதனால்தான் என்று எனக்கு விளக்கியவனே என் மகன்தான். எல்லாம் மனப்பாடம். முதல் அடி கூடாது என்ற விதியை, இரண்டாவது அடி என்னுடையது என்று படித்துவைத்திருக்கிறான். வக்கீல் மூளை, அவன் அப்பா வழி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் லிஃப்டில் வைத்து, "ஒரே அடியாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் கணவர் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஒரு கணம் எனக்கும் அது இருந்தது. என் பிள்ளையை யாரும் சும்மா தள்ளிவிட்டுப் போக முடியாது என்ற திருப்தி. தையலைப் பற்றி யோசித்தது அதற்குப் பிறகுதான்.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவிடம் போனில் புலம்பினேன். "கூட்டிட்டு வா மக்களே. எனக்கும் முட்டுக்கு எண்ணெய் போட ஆசான்கிட்ட போகணும்," என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது புரியவில்லை.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும். மகன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். பேசவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு

ஆசான் வீடு ஒரு ரப்பர் தோட்டத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. திண்ணைக்கு நாற்பதடி முன்பே தைல வாசனை வந்து ஆளைப் பிடித்துக்கொண்டது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் துண்டு, மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல். அவர் பெயரை அங்கே யாரும் சொல்லிக் கேட்கவில்லை. ஆசான், அவ்வளவுதான்.

நம் ஊர்களில் சண்டை கற்றுத்தருபவர் ஒருவர், எலும்பு கட்டுபவர் இன்னொருவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வழக்கப்படி இரண்டும் ஒரே ஆள். அடிமுறை என்கிற சண்டைக் கலையைச் சொல்லித்தருகிற ஆசானே, உடம்பின் வர்ம இடங்களை அறிந்த வர்மாணி, அவரே வைத்தியர். கேரளத்தில் இதே கலையைத் தெக்கன் களரி என்கிறார்கள். வடக்கன் களரியில் உடற்பயிற்சியும் ஆயுதமும் முடிந்து கடைசியில்தான் வெறுங்கை. இங்கே வெறுங்கையில்தான் தொடக்கம். அகத்தியர் தந்த கலை என்பார்கள். அதற்குச் சான்று கேட்டால் திண்ணையிலிருந்து எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால் ஆறேழு பேர். ரப்பர் பால் வெட்டும்போது வழுக்கி விழுந்து தோள் இறங்கியவர். மணிக்கட்டில் கட்டோடு ஒரு சிறுமி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டோ ஓட்டுநர். நடுவில் ஓர் இளைஞனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பைக்கிலிருந்து விழுந்தவன், வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தானாம். ஆசான் அவன் கண்ணை விரித்துப் பார்த்தார். "தலையில பட்டிருக்கு. நான் தொடமாட்டேன். நேரா ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க," என்று ஆட்டோக்காரரையே எழுப்பி அனுப்பிவைத்தார். இடுப்புவலி மறந்து அவரும் ஓடினார். இந்த வைத்தியத்தில் எனக்கு இருந்த சந்தேகம் அந்த இடத்தில் பாதி குறைந்தது. எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவரிடம் முழங்காலைக் கொடுக்கலாம்.

பெரியப்பா கட்டிலில் படுத்தார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது ஆசான் என் மகனைப் பார்த்தார்.

"என்ன படிக்க மக்களே?"

"எட்டாவது. கராத்தேயும் படிக்கிறேன் ஆசானே." ஆசானே என்று கூப்பிடப் பெரியப்பா வழியில் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"எத்தன வருசம்?"

"நாலு."

"யாரையாவது அடிச்சிருக்கியா?"

பெரியப்பா ஏற்கெனவே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மகன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, தள்ளினது யார், குத்தினது யார் என்று தன் வழக்கை எடுத்து வைத்தான். ஆசான் குறுக்கிடவே இல்லை. முழங்காலில் எண்ணெயை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?"

மகன் என்னைப் பார்த்தான். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். ஐந்து நாளாகிறது. பள்ளியில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தோம், ஆஸ்பத்திரிச் செலவைத் தருவதாகச் சொல்லியிருந்தோம். அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை.

"தெரியாது," என்றான் மகன்.

ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய வேட்டித் துணியை அவனிடம் கொடுத்து, நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டச் சொன்னார். மத்தியானம் வரை கட்டுத்துணி சுருட்டினான். கோணலாகச் சுருட்டியதையெல்லாம் பிரித்து மறுபடி சுருட்ட வைத்தார்.

கூட்டம் குறைந்த பிறகு வர்மம் பற்றிப் பேச்சு வந்தது. அடிபட்டால் ஆளையே சாய்த்துவிடுகிற இடங்களைத்தான் வர்மம் என்கிறார்கள். உடம்பில் 108 வர்மம் என்பது கணக்கு. பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம். இரண்டு புருவத்துக்கும் நடுவில் இருக்கும் திலர்த காலம் படுவர்மத்தில் ஒன்று. மகனுக்குக் கண் விரிந்துவிட்டது. பார்வையாலேயே ஆளை விழ வைக்கிற நோக்கு வர்மம் உண்மையா என்று கேட்டான்.

"அது தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு ரேஷன் கடையில வரிசையில நிக்கணும்?"

சிரித்து முடித்து, மகனின் முன்கையை வாங்கி ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்தார். வர்மத்தில் அழுத்தத்துக்கு மாத்திரை என்று அளவு சொல்கிறார்கள். கால், அரை, முக்கால், முழு மாத்திரை. "இது கால்." மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுகமாகத்தான் இருந்ததாம். "இது அரை." ஆள் உட்கார்ந்த இடத்திலேயே மடங்கினான். உடனே ஆசான் மறு கையால் தோளிலிருந்து கீழ்நோக்கி இரண்டு தடவு தடவினார். முகம் நேரானது. வைத்தியத்துக்கும் அடிக்கும் அதே இடம்தான், அதே விரல்தான். மாத்திரைதான் வேறு.

அந்தத் தடவலுக்கு இளக்குமுறை என்று பெயர். அடிபட்டு மயங்கியவனை எழுப்ப உடம்பில் வேறு இடங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பெயர் அடங்கல். ஆசானின் ஆசான் அவருக்கு முதலில் காட்டியது அடங்கலைத்தானாம். எழுப்பத் தெரிந்த பிறகுதான் விழ வைக்கும் இடத்தைத் தொட்டே காட்டினாராம். பன்னிரண்டு வருடம் கூட இருக்க வேண்டும் என்பது பேச்சு. இவருக்கு ஒன்பதில் கிடைத்திருக்கிறது. அந்த ஒன்பது வருடத்தில் பெரும்பகுதி, ஆசானுக்கு வெந்நீர் போட்டதும் மாட்டுக்குப் புல் அறுத்ததும் கட்டுத்துணி சுருட்டியதும்தான்.

"கோவக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தா, அவன் கொண்டு வர்ற ஆளையும் நான்தானே எழுப்பணும்? எனக்கு வேலை கூடும்லா," என்றார்.

எனக்கு ஒரு மறுப்பு இருந்தது. கேட்டும்விட்டேன். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததில் எத்தனை ஏடுகள் கரையான் தின்று போயின? சொந்த மகனுக்குக்கூட முழுவதும் சொல்லாமல் செத்துப்போன ஆசான்கள் எத்தனை பேர்? மறைத்து வைப்பதில் அறமும் இருக்கலாம், தான் மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசையும் இருக்கலாமே.

"அதும் சரிதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டும் உண்டு," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மூன்றாம் நாள், திங்கள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். திங்கள்கிழமை விடுமுறை. ஊர்க்காரரான பெரியப்பாவுக்கே மறந்துவிட்டது. "நாங்க எப்ப இதுக்குள்ள போனோம்?" என்றார். அது நியாயம்தான். வாசலில் மட்டிப்பழம் வாங்கித் தின்றுவிட்டுப் புலியூர்க்குறிச்சிக்கு, உதயகிரிக் கோட்டைக்குப் போனோம்.

உள்ளே இப்போது வனத்துறையின் பூங்கா. மான்கள், பறவைகள், ஜோடி ஜோடியாகக் கல்லூரிப் பிள்ளைகள். கொஞ்ச தூரம் நடந்தால் கூரை இல்லாத ஒரு சிற்றாலயம். அதற்குள் டிலனாயின் கல்லறை. டச்சுக் கம்பெனியின் படையோடு வந்து, 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர். பிடித்தவர் கொல்லவில்லை. என் படைக்குப் பயிற்சி கொடு என்றார். அவரும் கொடுத்தார். முப்பது வருடத்துக்கும் மேல் திருவிதாங்கூர் படையை நடத்தி, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, 1777-ல் இங்கேயே இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது.

தோற்றவனை வாழவைத்த பெருந்தன்மை என்று மகனுக்குச் சொல்லலாம் என்றுதான் கூட்டிவந்தேன். பாதி சொல்லும்போதே எனக்கு நாக்கு தடுமாறியது. அதே அரசரின் காலத்தில்தான் தேவசகாயம் பிள்ளையை 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். டிலனாயோடு பழகிக் கிறிஸ்தவரானவர் அவர். 2022-ல் வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். எதிரிக்குக் கிடைத்த இடம் சொந்த ஊர்க்காரருக்குக் கிடைக்கவில்லை. டிலனாய் அரசருக்குத் தேவைப்பட்டார், இவர் தேவைப்படவில்லை. பெருந்தன்மைப் பாடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

பக்கத்திலேயே டிலனாயின் மகன் கல்லறை. 1765-ல் களக்காட்டுப் போரில், அப்பா பயிற்சி கொடுத்த படையில் நின்று செத்த இளைஞன். என் மகன் அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றான். என்ன நினைத்தான் என்று கேட்கவில்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, மான் பார்க்கப் போய்விட்டேன்.

நான்காம் நாள், செவ்வாய்

அரண்மனை திறந்திருந்தது. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் கட்டடம், டிக்கெட்டிலும் மலையாளம். தாய்க்கொட்டாரத்து மரத்தூண், கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை, இரண்டாயிரம் பேர் உண்ணும் ஊட்டுப்புரை எல்லாவற்றையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். மகன் நின்றது ஓர் உருண்டைக் கல்லின் முன்னால். 38 கிலோ. படையில் சேர வருகிறவன் அதைத் தலைக்கு மேல் 101 தடவை தூக்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார்.

"இதைத் தூக்குறதுக்கும் நல்லவனா இருக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் மகன். நல்ல கேள்வி. சம்பந்தம் இல்லை. அரசருக்குப் படை வேண்டியிருந்தது, அதற்குக் கல் போதும்.

சாயங்காலம் ஆசானின் களரிக்குப் போகலாம் என்று அனுமதி வந்திருந்தது. தென்னந்தோப்புக்குள் செம்மண்ணை இடித்துக் கெட்டித்த தரை, மேலே ஓலைக்கூரை, ஒரு டியூப்லைட், மூலையில் விளக்கு. பதினாலு பிள்ளைகள், அதில் நாலு பேர் பெண்கள். செருப்பைக் கழற்றி, வலது காலை எடுத்து வைத்து, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். நான் கொண்டுபோன வெற்றிலை பாக்கையும் தட்சிணையையும் ஆசான் தொடவில்லை. "பையன் படிக்கவா வந்தான்? பாக்கத்தானே வந்தான்," என்று ஓரமாக வைத்துவிட்டார்.

முதலில் ஒற்றைச்சுவடு. தனியாக, எதிராளி இல்லாமல், கால் வைப்பும் திரும்புதலும் தடுப்பும் அடியும் சேர்ந்த வரிசை. மகனையும் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். அவனுக்குக் கால் வேறு பக்கம் போனது. பழக்கத்தில் கையை முறுக்கி வீசி "கியாய்!" என்று கத்தினான். களரியே சிரித்தது. அவன் காது சிவந்ததை டியூப்லைட் வெளிச்சத்திலும் பார்த்தேன்.

அடுத்தது கம்பு. அவனுக்கு எதிராகப் பதினோரு வயதுச் சிறுமியை நிறுத்தினார் ஆசான். இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் கொஞ்சம் பெரிது. கம்பு நுனியில் திருநீறு தோய்த்திருந்தது, பட்டால் உடையில் வெள்ளை விழும். தொட்டால் போதும், அடிக்க வேண்டாம். அந்தக் களரியில் இன்னொரு விதி: தொட்டவர் கம்பை இழுத்துக்கொண்டு எதிராளியின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த வீச்சு.

நாலு நிமிடத்தில் என் மகனின் கறுப்புச் சட்டையில் ஏழு வெள்ளை. தோளில், விலாவில், முழங்கையில். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். கேலி கிடையாது, பரிதாபமும் கிடையாது. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்ப்போமே, அந்தப் பார்வை. அதுதான் அவனைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறேன். ஏழாவது முறை அவள் முகத்தைப் பார்க்க நின்றபோது இவன் கம்பை ஓங்கி வீசினான். அவள் வலது கை விரல் மொளியில் சொத்தென்று விழுந்தது.

நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். "இருங்க அக்கா, ஆசான் பாத்துக்கிடுவாரு."

ஆசான் திட்டவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் மகன் கையில் கொடுத்தார். "தேய்." அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவன் தேய்க்க, அவள் அதிகாரம் பண்ணினாள். "அங்க இல்ல. கொஞ்சம் மேல." "இவ்வளவு அமுக்காதீங்க." "எண்ணெய் போதாது." பதினைந்து நிமிடம் இருக்கும். முதல் ஐந்து நிமிடம் அவன் தலை நிமிரவில்லை. பிறகு எப்போதோ, "வலிக்குதா?" என்று கேட்டான். அவள், "பின்னே வலிக்காதா?" என்றாள்.

அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். முந்திரி ஆலையில் வேலை. மகளைச் சிலம்பத்துக்கு அனுப்புவது ஒழுக்கத்துக்காகவா என்று கேட்டேன். "ஒழுக்கம் எங்க வீட்டிலேயே உண்டு," என்று வெட்டினார். சான்றிதழுக்காக என்றார். சிலம்பம் இப்போது தமிழக அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் வைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு வழி கிடைத்தால் நல்லதுதானே. ஆசானுக்கு இதில் ஒரு சின்ன மனக்குறை. போட்டியில் தொட்டால் புள்ளி, முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் எதிராளி தொட்டுவிடுவான். அதனால் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் மட்டும் அந்த விதியைத் தளர்த்துகிறாராம். "வந்தப்புறம் திரும்ப நிக்கப் பழக்குறதுதான் பாடு," என்றார்.

ராத்திரி மகன் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. ஏழு வெள்ளையோடு நாற்காலியில் தொங்கியது.

ஐந்தாம் நாள், புதன்

பேய்மழை. திற்பரப்பு அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் காற்றுக்குக் குடை திருப்பிக்கொண்டது. கடுங்காப்பியும் ஏத்தன்பழ பஜ்ஜியும் நன்றாக இருந்தன.

சாயங்காலம் மகன் பெரியப்பாவிடம் அந்தப் பெண்ணின் வீடு எது என்று கேட்டு, குடை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். அரை மணியில் திரும்பிவிட்டான். அவள் டியூஷன் போயிருந்தாளாம். அவள் பாட்டி இவனுக்கு ஒரு சீப்பு செவ்வாழை கொடுத்து அனுப்பியிருந்தார், எதற்கு என்று பாட்டிக்கும் தெரியாது.

ஆறாம் நாள், வியாழன்

காலையில் சாமித்தோப்பு. அய்யா வைகுண்டர் (1809–1851) இருந்து உபதேசித்த இடம். இங்கே ஆண்கள் மேல்சட்டை இல்லாமல், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தலையில் துணி கட்டக் கூடாது என்று ஒடுக்கப்பட்டவர்களிடம், கட்டிக்கொண்டுதான் என்னிடம் வர வேண்டும் என்று சொன்னவர். தோளில் சீலை போடுவதற்கே பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. முத்திரிக் கிணற்றுத் தண்ணீரை எல்லாச் சாதியும் சேர்ந்து எடுத்ததை இப்போது நாம் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோம். இவ்வளவு அடி வாங்கிய மக்களிடம் எப்படி அடிப்பது என்ற வித்தையும் இருந்திருக்கிறது. ஆசான்மாரில் பலர் அந்த மக்களிடமிருந்து வந்தவர்கள். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்னென்ன நேரத்தில் கையை மடக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்று யோசித்தபடி நின்றேன். சில நேரம் மடக்காமலும் இருந்திருப்பார்கள். அதையும் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. என் மகனின் பள்ளிச் சண்டைக் கேஸும் அதுவும் ஒன்றல்ல.

பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடிதான். கும்பிட நின்றால் தெரிவது கும்பிடுகிறவர். பெரியப்பா கட்டிவிட்ட தலைப்பாகை மகனுக்கு ஒரு காதை மூடியிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் அவன் கண்ணாடியைப் பார்த்தான் என்று நினைக்கிறேன், பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம்.

கன்னியாகுமரியில் கடல் சீறிக்கொண்டிருந்தது. படகு ஓடவில்லை. பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் புதிதாகப் போட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைக் கரையில் நின்றே பார்த்தோம். 133 அடி வள்ளுவர் மழைக்கு அசையவில்லை.

சங்குக் கடைகளுக்குப் பக்கத்தில், மூடிய ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு மகன் என் போனைக் கேட்டான். "அவங்க நம்பர் இருக்கா?" இருந்தது, ஆஸ்பத்திரிச் செலவுக்காக வாங்கி வைத்தது.

அந்தப் பையனின் அம்மாதான் எடுத்தார். யார் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். காற்றில் எனக்கு வார்த்தை கேட்கவில்லை, குரலின் உயரம் மட்டும் கேட்டது. கையை நீட்டி வாங்கிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். பிள்ளையைத் திட்டுகிறார்களே என்று எனக்குப் பொங்கியது. அவன் கடலைப் பார்த்துக்கொண்டு, "ம்", "சரி ஆன்ட்டி" என்று நின்றான். தள்ளியது யார் என்ற பேச்சு இந்த முறை வரவில்லை. கடைசியில், "ஆன்ட்டி, அவன் சாப்பிடறானா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"கஞ்சிதானாம்," என்றான். போனைத் திருப்பிக் கொடுத்தான். "பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணணுமாம்."

நாகர்கோவில் ரயில் நிலையத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டிக்கு இன்னும் அரை மணி. பெரியப்பா வழியனுப்ப வந்திருக்கிறார், முட்டு பரவாயில்லை என்கிறார். ஆசான் தட்சிணையை அவர் கையில் அப்படியே திருப்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டாராம், போடுகிற பழக்கம் உண்டு. மகனுக்குச் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: அடுத்த லீவுக்கு வருவதானால், துணியைக் கோணாமல் சுருட்டப் பழகிவிட்டு வரணும்.

மகன் நடைமேடைப் பெஞ்சில் செவ்வாழைச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான்கு பழம்தான் மிச்சம், தொடவிடமாட்டேன் என்கிறான். கஞ்சி குடிப்பவனால் பழம் சாப்பிட முடியும் அல்லவா என்று கேட்டான். நன்றாகக் கனிந்தால் முடியும் என்றேன். ஸ்டேஷனிலிருந்து அவன் வீட்டுக்குப் போகக் காந்திபுரத்தில் பஸ் மாற வேண்டுமா என்று கேட்டான்.

முதலில் வீட்டுக்குப் போய்க் குளி, உடம்பெல்லாம் தைல வாசனை என்றேன்.